பேச மறுக்கும் ஆர்கன் பெட்டி



நம்மவர் வீட்டுக் கூடத்தில் சுவர் ஓரமாக, சாமிப் படத்துக்குக் கீழேயோ தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயோ ஒரு பெரிய மரப்பெட்டி நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். மேலே ஒரு பூவிரிப்பு. அதன்மேல் பூச்சாடி, பிள்ளைகள் பள்ளியில் வாங்கிய கோப்பைகள். மூடியைத் திறந்தால் இரண்டு அடுக்காக வெள்ளைக் கட்டைகளும் கறுப்புக் கட்டைகளும். காலடியில் மரத்தாலான மிதிகள். அதுதான் மின்சார ஆர்கன். துரை பங்களா காலியானபோது வந்தது, கோயிலில் புதிது வாங்கியபோது பழையது வீட்டுக்கு வந்தது, பட்டணத்தில் தவணைக்கு வாங்கியது என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கதை உண்டு.

பேராக்கிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்:

“என் கணவர் தோட்டத்துப் பஜனையில் வாசித்த ஆர்கன் எங்கள் வீட்டில் இருக்கிறது. அவர் காலமாகி நான்கு ஆண்டுகள். பெட்டியும் சரியாகப் பேசுவதில்லை. போட்டவுடன் உறுமுகிறது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் கூடுவதில்லை. ‘க’ மட்டும் மேலும் கீழும் எங்கேயும் கேட்பதில்லை. பழுது பார்ப்பவர் எல்லாத் தட்டுகளையும் மாற்ற 800 வெள்ளி கேட்கிறார். பழைய இரும்புக்காரர் 30 வெள்ளி தருகிறேன் என்கிறார். தோட்டத்து வீட்டைக் காலி செய்து பட்டணத்தில் அடுக்குமாடி மூன்றாம் மாடிக்குப் போகிறோம். மகள் இசை படிக்க ஆசைப்படுகிறாள். மகன் ‘தூக்கிப் போடுங்கள்’ என்கிறான். நான் என்ன செய்யட்டும்?”

இந்தக் கேள்வி ஒரு வீட்டுக் கேள்வி அல்ல. தோட்டங்கள் கைமாறி, லயங்கள் காலியாகும் காலத்தில் பல வீடுகளில் இதே பேச்சுதான் நடக்கிறது. ஆகவே எல்லாருக்கும் பயன்படும்படி விளக்கமாகவே எழுதுகிறேன்.

பழுது பார்த்தவரின் கதை

முதலில் ஒரு செய்தி. 1887-ஆம் ஆண்டு ஜப்பானில் ஹமமாட்சு என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டு ஆர்கன் ஒன்று கெட்டுப்போனது. அது மின்சார ஆர்கன் அல்ல. காற்றால் நாக்குகள் அதிர்ந்து ஒலிக்கும் பெட்டி, நம் ஆர்மோனியத்துக்கு அண்ணன் முறை. அதைச் சரிசெய்யத் தொராகுசு யமாஹா என்பவரை அழைத்தார்கள். அவர் இசைக்கலைஞர் அல்லர். கடிகாரமும் மருத்துவக் கருவிகளும் பழுது பார்த்துப் பிழைத்தவர். பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர், “இதை நாமே செய்யலாமே!” என்று துணிந்து, நண்பர் ஒருவருடன் சேர்ந்து சொந்தமாக ஓர் ஆர்கன் செய்தார். அதைக் காவடி போலக் கம்பில் கட்டித் தோளில் சுமந்துகொண்டு, ஹக்கோனே மலையைத் தாண்டி, ஏறக்குறைய 250 கிலோமீட்டர் நடந்து டோக்கியோ இசைக் கழகத்துக்குக் கொண்டு போனார்கள். சுருதி சரியில்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அங்கேயே தங்கி இசையிலக்கணம் படித்து, ஊர் திரும்பி இரண்டாவது பெட்டியைச் செய்தார். 1897-இல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் இன்று மூன்று சுருதிக் கவைகளை அடையாளமாகக் கொண்ட யமாஹா. அந்த நிறுவனம் 1959-இல் எலக்டோன் என்ற பெயரில் மின்னணு ஆர்கனை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

பெட்டிக்குள் இருப்பது மந்திரம் அல்ல, மனிதன் செய்த வேலைதான் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கதை. புரிந்துகொண்டால், பழுது பார்ப்பவர் சொல்வது நியாயமா இல்லையா என்று நாமே எடை போடலாம்.

ஒலி எப்படிப் பிறக்கிறது?

ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு தனி நாக்கு. ஒரு நாக்கு கெட்டால் அந்த ஒரு கட்டைதான் ஊமையாகும்.

டிரான்சிஸ்டர் காலத்து வீட்டு ஆர்கன் அப்படி அல்ல. ஒரு ஸ்தாயிக்கு 12 சுரத்தானங்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பெட்டி மிக உயர்ந்த ஸ்தாயியின் 12 சுரங்களை மட்டும் உண்டாக்குகிறது. கீழ் ஸ்தாயிகளுக்கு அந்த அதிர்வுகளைப் பாதி பாதியாக வகுத்துக்கொண்டே வருகிறது. வினாடிக்கு 440 அதிர்வு உள்ள சுரத்தைப் பாதியாக்கினால் 220. அதே சுரம், ஒரு ஸ்தாயி கீழே. அதையும் பாதியாக்கினால் 110. இப்படித்தான் 12 சுரங்களிலிருந்து கட்டைகள் அத்தனையும் பேசுகின்றன.

சில பெட்டிகளில் இந்த 12 சுரங்களுக்கும் 12 தனித்தனி மின்சுற்றுகள் இருக்கும். 1970-களில் வந்த பலவற்றில் ஒரே ஒரு சிறிய ‘ஐ.சி.’ 12-ஐயும் தரும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி நோய் நமக்கே விளங்கிவிடும்.

நோயும் குறியும்

ஒரே ஒரு கட்டை மட்டும் பேசவில்லையா? சுரத்தை உண்டாக்கும் பகுதி நன்றாக இருக்கிறது. அந்தக் கட்டைக்கு அடியில் உள்ள தொடுகம்பியில் களிம்போ தூசியோ ஏறியிருக்கும். நம் நாட்டு ஈரக்காற்றில் இது மிகச் சாதாரணம். சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

ஒரே சுரம் எல்லா ஸ்தாயியிலும் பேசவில்லையா? சகோதரியின் ‘க’ இப்படித்தான். இது கட்டையின் கோளாறு அல்ல; மேலே அந்தச் சுரம் பிறக்கும் இடத்தில் கோளாறு. தனிச் சுற்று உள்ள பெட்டியானால் சிறிய உதிரிப்பாகம் ஒன்றை மாற்றிச் சரிசெய்யலாம். ஐ.சி. கெட்டிருந்தால் கடினம், அந்தக் காலத்து ஐ.சி.கள் பலவற்றை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. வேறொரு செத்த பெட்டியிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

மேலே பேசுகிறது, ஒரு ஸ்தாயியிலிருந்து கீழே மட்டும் அந்தச் சுரம் இல்லையா? வகுக்கும் பகுதி ஒன்று செத்துவிட்டது என்று கொள்ளலாம்.

எந்தக் கட்டையையும் தொடாதபோதே ‘ம்ம்ம்’ என்ற உறுமலா? நம் மின்சாரம் வினாடிக்கு 50 முறை மாறுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் ‘கெப்பாசிட்டர்’ என்ற உருளைகள் வெப்பத்தாலும் வயதாலும் உள்ளே உலர்ந்து போகும். அப்போது அந்த அலை ஒலிபெருக்கியில் கேட்கும். பழைய பெட்டிகளுக்கு வரும் முதல் நோய் இதுதான். உருளைகளின் விலை அதிகம் இல்லை, கூலிதான் செலவு.

மிதியை அழுத்தினாலும் சத்தம் கூடவில்லையா? பல ஆர்கன்களில் அந்த மிதிக்குள் ஒரு சின்னஞ்சிறு பல்பும், அதன் ஒளியை உணரும் ஒரு பாகமும் இருக்கும். மிதிக்க மிதிக்க ஒளி கூடும், சத்தமும் கூடும். பல்பு அவிந்தால் பெட்டியே செத்ததுபோல் தோன்றும். ஒரு பல்புக்காகப் பெட்டியைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு என்றால் நம்புங்கள்.

குமிழைத் திருகும்போது ‘கரகர’வென்ற சத்தமா? அதற்கென்று மின்தொடுப்புகளைச் சுத்தம் செய்யும் தெளிப்பான் கடையில் கிடைக்கிறது. தேங்காய் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய் எதையும் விடாதீர்கள். எண்ணெய் தூசியைப் பிடித்துவைக்கும். இன்று சரியானது போல் இருந்து, அடுத்த மாதம் மோசமாகும்.

பெட்டிக்குள் எலி, பல்லி, எறும்பு குடியிருக்கிறதா என்றும் பழுது பார்ப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எலி கடித்த கம்பியைக் கண்டுபிடிக்காமல் தட்டுகளை மாற்றிப் பயன் இல்லை.

உயிரோடு விளையாடாதீர்கள்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். குறியைக் கேட்டறிவது உங்கள் வேலை. பெட்டியின் முதுகைத் திறப்பது தெரிந்தவர் வேலை.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். வால்வு எரியும் மிகப் பழைய பெட்டிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும். தொட்டால் ஆளையே கொல்லும். “ரேடியோ திறந்திருக்கிறேன், இது என்ன?” என்று வீட்டுப் பிள்ளைகள் கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள்.

ஃபியூஸ் போனால் அதே அளவுள்ள ஃபியூஸ்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடும் பழக்கம் வீட்டையே எரித்துவிடும். மூன்று முனைப் பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால், டிரான்சிஸ்டர் ஆர்கனுக்கு அது வேண்டியதில்லை. 3 ஆம்பியர் போதும். மண்ணிணைப்புக் கம்பியை வெட்டி இரண்டு முனையாக்கியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பெட்டியைப் போட்டவுடன் வீட்டின் மின்கசிவுத் துண்டிப்பான் விழுந்தால், மறுபடியும் மறுபடியும் ஏற்றிப் பார்க்காதீர்கள். அது எச்சரிக்கை, தொந்தரவு அல்ல.

இடி மின்னல் மிகுந்த நாடு நம்முடையது. வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இன்னொன்று. பெட்டியின் பின்புறத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட் அளவு. அந்த நாட்டுக்கென்று செய்த பெட்டியை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான் வரும். நடுவே மின்மாற்றி வேண்டும். அமெரிக்க ஹம்மண்ட் ஆர்கன்களில் சில வகைகளில் பல்சக்கரங்கள் சுழன்று ஒலி உண்டாக்கும். 60 சுழற்சி மின்சாரத்துக்குச் செய்த அத்தகைய பெட்டியை நம் 50 சுழற்சியில் ஓட்டினால், மின்மாற்றி வைத்தாலும் சக்கரம் மெதுவாகச் சுற்றி, சுருதி மூன்று அரைச்சுரத்துக்கும் சற்று அதிகமாக இறங்கிவிடும். மின்மாற்றி வோல்ட்டை மாற்றுமே தவிர, சுழற்சியை மாற்றாது.

பழைய உடலுக்குப் புதிய உயிர்

கட்டைகள் நன்றாக இருந்து உள்ளே உள்ள சுற்றுகள் மட்டும் செத்திருந்தால், மூன்றாவது வழி ஒன்று உண்டு.

1983-இல் ‘மிடி’ என்ற பொது முறை வந்தது. எந்தக் கட்டையை அழுத்தினோம், எப்போது விட்டோம் என்ற செய்தியை ஒரு கருவி மற்றொரு கருவிக்குக் கம்பி வழியாகச் சொல்லும் மொழி அது. அதற்கு வழிகோலியவர்கள் ஜப்பானின் இக்குதாரோ ககெஹாஷியும் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும். 2013-இல் இருவருக்கும் அதற்காகக் கிராமி தொழில்நுட்ப விருது கிடைத்தது. ககெஹாஷியும் கடிகாரம், வானொலி பழுது பார்த்துத்தான் வாழ்க்கையைத் தொடங்கினார் என்பதைக் கவனியுங்கள்.

பழைய ஆர்கனில் கட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டையின் தொடுகம்பியையும் ஒரு சிறிய கணிப்பலகையோடு இணைத்துவிட்டால், பெட்டி மிடி மொழி பேசத் தொடங்கும். ஒலியைக் கணினி தரும். அதற்கு ‘கிராண்ட்ஆர்கு’ போன்ற இலவச மென்பொருள்கூட இருக்கிறது.

ஆனால் கணக்குப் பாருங்கள். வீட்டு ஆர்கன் பலவற்றில் மேல் வரிசைக்கு 44 கட்டை, கீழ் வரிசைக்கு 44 கட்டை. மொத்தம் 88 இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டையோடு. பற்றவைத்துச் சோதிக்கப் பல வார மாலைகள் வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. பியானோவைப் போல மெல்லத் தொட்டால் மெல்லிய ஒலி, ஓங்கித் தொட்டால் பெரிய ஒலி என்ற வேறுபாடும் கிடைக்காது; பழைய ஆர்கன் கட்டைக்கு ‘உண்டு, இல்லை’ இரண்டுதான் தெரியும்.

தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்து, ஆசிரியரின் மேற்பார்வையும் கிடைத்தால், இது அருமையான பயிற்சி. அப்படி ஒருவர் இல்லாவிட்டால் இந்த வழியை விட்டுவிடுவதே நல்லது. பாதி பிரித்துப் போட்ட பெட்டி பழுதான பெட்டியைவிட மோசம்.

புதிது வாங்குவதானால்

வீட்டு ஆர்கனின் காலம் ஏன் முடிந்தது தெரியுமா? 1980-இல் காசியோ நிறுவனம் காசியோடோன் 201 என்ற 49 கட்டைக் கருவியைக் கொண்டு வந்தது. தூக்கிக்கொண்டு போகலாம். அதுபோன்றவை பெருகியதும், நான்கு ஆள் தூக்கும் பெட்டியை யார் வாங்குவார்கள்?

இன்று படிக்கும் பிள்ளைக்கு வாங்குவதானால் இவற்றைப் பாருங்கள். கட்டை 61-க்குக் குறைய வேண்டாம். கட்டையின் அகலம் பியானோவின் அளவாக இருக்கட்டும். பொம்மைக் கட்டைகளில் பழகிய விரல் பிறகு தடுமாறும். தொடும் வேகத்துக்கு ஏற்ப ஒலி மாறுகிறதா என்று கடையிலேயே வாசித்துப் பாருங்கள். காதொலிப்பான் செருகும் துளை கட்டாயம் வேண்டும். லயத்து வீட்டிலும் சரி, அடுக்குமாடியிலும் சரி, சுவருக்கு அப்பால் இரவு வேலை முடித்து உறங்கும் மனிதர் இருப்பார். பஜனைக்கு வாசிப்பதானால் சுருதி மாற்றும் பொத்தான் மிகவும் உதவும். பாடுபவர் இரண்டு கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும், வாசிப்பவர் தாம் பழகிய விரலிலேயே வாசிக்கலாம்.

தவணையில் வாங்கினால், மாதத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். எல்லாத் தவணையையும் கூட்டி, ரொக்க விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சகோதரிக்கு என் பதில்

அம்மா, உங்கள் பெட்டிக்கு உள்ளவை மூன்று தனித்தனி நோய்கள். உறுமலுக்குக் கெப்பாசிட்டர், மிதிக்குப் பல்பு என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். இவை இரண்டும் சிறியவை. ‘க’ மட்டும்தான் பெரிய கேள்வி. எல்லாத் தட்டுகளையும் மாற்ற வேண்டும் என்பதை அப்படியே ஏற்காதீர்கள். “எந்தப் பாகம் கெட்டது? மாற்றுப் பாகம் கையில் இருக்கிறதா? சரியாகாவிட்டால் கூலி உண்டா? கழற்றிய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா?” என்று இந்த நான்கையும் கேளுங்கள். நேர்மையான தொழிலாளி கோபப்படமாட்டார்.

ஆனால் நீங்கள் தோட்டத்திலேயே தங்குவதாக இருந்தால்தான் இந்தச் செலவு சரி. மூன்றாம் மாடிக்கு, மின்தூக்கி இல்லையென்றால், இரட்டை வரிசை ஆர்கனை ஏற்றுவது ஆளுக்கும் ஆபத்து, பெட்டிக்கும் ஆபத்து. சிறிய கூடத்தில் அது நின்றால் மகள் படிக்க மேசை போட இடமிருக்காது. அந்த 800 வெள்ளியைப் பெட்டிக்குப் போடாமல், மகளுக்கு ஒரு விசைப்பலகைக்கும் முதல் சில மாதப் பாடத்துக்கும் ஒதுக்குங்கள். இதுதான் என் யோசனை.

கணவர் நினைவை விட்டுவிடச் சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். அவர் உட்கார்ந்து வாசித்த பெஞ்சை எடுத்துச் செல்லுங்கள். மிதிகளுக்காக அது சற்று உயரமாக இருக்கும்; காலை அறுக்க வேண்டாம், விசைப்பலகைத் தாங்கியின் உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். மகள் அதில் உட்கார்ந்து பழகட்டும். அவர் எழுதிவைத்த பாட்டுப் புத்தகங்கள் இருந்தால் அவற்றையும் பத்திரமாக வையுங்கள். கட்டைகள் எங்கும் கிடைக்கும், அந்தக் கையெழுத்து கிடைக்காது.

ஏ. ஆர். ரஹ்மானின் தந்தை ஆர். கே. சேகர் 1976-இல் மறைந்தபோது மகனுக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது. கருவி சும்மா நிற்பதைவிட, பிள்ளைகளுக்குச் சோறாகவும் கல்வியாகவும் மாறுவதை எந்தத் தகப்பனும் குறை சொல்லமாட்டார்.

மகனுக்கும் ஒரு வார்த்தை: ‘தூக்கிப் போடுங்கள்’ என்று அம்மாவிடம் சொல்லாதே, தம்பி. முதலில் மூடியைத் திறந்து, பேசுகிற கட்டைகளில் அப்பா வாசித்த பாட்டு ஒன்றைத் தங்கையை வாசிக்கச் சொல். உன் கைப்பேசியில் பதிவு செய். அதன் பிறகு லாரிக்குச் சொல்லலாம்.

விடைகொடுக்கும் முறை

பழைய வீட்டு ஆர்கனுக்கு நல்ல விலை வரும் என்று காத்திருக்க வேண்டாம், வாங்குவோர் குறைவு. 1954 முதல் 1974 வரை செய்த ஹம்மண்ட் பி-3 போன்ற சக்கர வகைகளை மட்டும் இன்றும் தேடி வாங்குகிறார்கள். உங்கள் பெட்டியில் ஹம்மண்ட் என்ற பெயர் இருந்தால், இரும்புக்காரரிடம் கொடுக்குமுன் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மற்றவற்றைப் பழுது பார்ப்பவருக்கே உதிரிப்பாகத்துக்குக் கொடுக்கலாம். இன்னொரு வீட்டில் ஊமையான ‘க’ ஒன்று அதனால் பேசும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். செம்புக் கம்பிக்காகப் பெட்டியைக் கொல்லையில் போட்டு எரிக்காதீர்கள். கம்பியின் உறை எரியும் புகை நஞ்சு. தட்டுகளில் ஈயமும் உண்டு. மின்னணுக் கழிவு நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி தனியாகக் கையாள வேண்டிய கழிவு. அதற்கென்று உள்ள சேகரிப்பு இடத்தில் கொடுங்கள்.

தங்கப்போகிற பெட்டியானால் அதைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். சிமெண்டுத் தரையைக் கழுவும்போது தண்ணீர் ஏறாமல் அடியில் கட்டை கொடுங்கள். அழுத்திய மரத்தூள் பலகை ஈரம்பட்டால் உப்பிவிடும். வாரம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் போட்டு, எல்லாக் கட்டைகளையும் வாசியுங்கள். சும்மா கிடக்கும் கட்டையில்தான் களிம்பு ஏறும்.

உங்கள் வீட்டில் பேச மறுக்கும் பொருள் வேறு ஏதேனும் இருந்தால் எழுதுங்கள். என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை, எப்போதிலிருந்து என்ற மூன்றையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

மீண்டும் சந்திப்போம்.